கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தா: ஆறு மணித்தியாலமும் இரண்டு சாரனும்

ஒவ்வொரு கிழமையும் இந்தப் பத்திக்காகப் பேனையைக் கையில் எடுக்கும்போது, இதையெல்லாம் எழுத நான் யார் என்ற கூச்சம் வந்துவிடுகிறது. சாதாரண தரம் வரை படித்தவன். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் ஸ்டோர் கீப்பர். சாக்குகளில் அடையாளம் எழுதிப் பழகிய கை இது. வசனத்தில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழமை, மக்காவுக்கு உம்றா யாத்திரை போக விமானம் ஏறிய கதை. எங்கள் கிழக்குக் கரையில் வீட்டுக்கு ஒருவராவது கட்டார், சவூதி என்று போய்வந்தவர்கள். அவர்களுக்கு இது ஒரு கதையாகவே தெரியாது. அவர்களிடம் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

முன் சீற்றில் ஒரு திரை

எனக்கு முன்னால் இருந்த சீற்றின் முதுகில் சின்னத் திரை ஒன்று. அதில் நீலக் கடல். கடலுக்கு மேல் வெள்ளை விமானம் ஒன்று நகராமல் நிற்பதுபோல நின்றது. கீழே போய்ச் சேர மிச்சமிருக்கிற தூரமும், அதற்கு எடுக்கிற நேரமும் ஓடிக்கொண்டிருந்தன.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறியபோது அது நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் காட்டியது. நேரம் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு.

"என்ன, படமா பாக்கிறீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி பரீதா.

"தூரம் பாக்கிறன்."

"பாத்தாக் குறையுமா?"

குறைந்தது. அதுதான் அதிசயம். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்துக் கிலோமீட்டர் போய்விட்டிருந்தது. மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம். இத்தனை பேரையும் இத்தனை பொட்டிகளையும் தூக்கிக்கொண்டு, ஒரு பிளேன்டீயை ஆற்றிக் குடிக்கிற நேரத்தில் எங்கள் ஊர்களையெல்லாம் தாண்டிப் போகிற அந்த இயந்திரத்தை நினைத்து, வாய் திறந்தபடியே இருந்தேன்.

வேனில் போன தூரம்

இதையும் சொல்ல வேண்டும். மருதமுனையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஒன்பது மணித்தியாலம் எடுத்தது. நாட்டுக்குள்ளேயே, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு. கடலும் பாலைவனமும் தாண்டி ஜித்தாவுக்குப் போக ஆறு!

மஹியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு இருக்கிறது. வீதியைத் திருத்தியபோது அதில் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். எண்ணிப் பார்க்கிற நிலையில் நான் இருக்கவில்லை. சொப்பிங் பேக்கை வாய்க்கு நேரே பிடித்தபடி இருந்தேன்.

எங்களோடு உம்றாவுக்கு வந்த ஜெமீல் காக்கா (அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கல்முனையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். முன் சீற்றிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, வேனுக்கே இப்பிடியெண்டா பிளேனுக்கு என்ன செய்யப் போற?"

"பிளேன்ல வளைவு இல்ல காக்கா" என்றாள் பரீதா எனக்காக.

நான் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை.

கூச்சம்

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். கடலில் குளித்தாலும் பெனியனோடு குளிப்பவன் நான். சாய்ந்தமருதுப் பையனான நான் மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போன அன்று முழுக்கத் தலையைக் குனிந்தபடியே இருந்தேன். என் முகத்தை மூன்று நாளைக்குப் பிறகுதான் சரியாகப் பார்த்ததாக மச்சினிமார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

உம்றாவுக்குப் போகிற ஆண்கள் தையலில்லாத இரண்டு துணிகளை உடுத்த வேண்டும். ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. அதுதான் இஹ்ராம் உடுப்பு. எங்கள் கூட்டத்து ஆண்கள் எல்லோரும் கட்டுநாயக்காவிலேயே வெள்ளைத் துணிக்கு மாறிவிட்டார்கள். நான் மட்டும் கால்சட்டை, சேர்ட்டோடு நின்றேன். அவ்வளவு சனம் போய்வருகிற இடத்தில், தோள் தெரிய நடக்க என்னால் ஏலாது.

"பிளேன்ல மாத்துறன்" என்றேன்.

பரீதா ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் வற்புறுத்தவில்லை. இருபத்தெட்டு வருடமாக என்னோடு இருக்கிறவள்.

ஆகாயத்தில் ஒரு எல்லை

புறப்படுவதற்கு முன்பு எங்களைக் கூட்டிப்போகிற மௌலவி பள்ளிவாசல் மேல்மாடியில் வகுப்பு வைத்தார். கரும்பலகையில் ஒரு கோடு கீறி, அதற்கு மேலே ஒரு விமானமும் வரைந்தார். அது விமானத்தைவிடப் பாரைமீன் போலத்தான் இருந்தது.

"இதுதான் மீகாத். மக்காவுக்குப் போறவங்க இஹ்ராம் இல்லாம தாண்டக் கூடாத எல்லை. எல்லை தரையில இரிக்கி. நாம அதுக்கு நேர் மேல ஆகாயத்தால போவம். ஜித்தாவில இறங்கிறத்துக்கு ஏறக்குறைய அரை மணித்தியாலம் முந்தி அதைத் தாண்டும். அதுக்கு முதல் உடுப்பு மாத்தி, உம்றா செய்யப் போறன் எண்டு மனசில நிய்யத் வெச்சிரணும்."

"எல்லையில போர்ட் ஏதும் போட்டிரிக்குமா மௌலவி?" என்று ஜெமீல் காக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

"போர்ட் இல்ல. பைலட் சொல்லுவாரு. சொல்லாட்டி நான் சொல்லுவன்."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது பரீதா சொன்னாள்: "நம்ம ரெண்டு பேரும் ஒரே நேரத்தில நிய்யத் வெப்பம். ஒண்டாத் தாண்டுவம். இனி ஒருக்கா வரக் கிடைக்குமோ தெரியா."

அவள் என்னிடம் எதையும் கேட்பவள் அல்ல. நான் "ஓம்" என்றேன்.

இரண்டு நீலப் பைகள்

எங்கள் பயணத்தை ஒழுங்கு செய்த முகவர்கள் ஆளுக்கொரு நீலப் பை தந்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒன்றில் என் இஹ்ராம் துணியும் பிரார்த்தனைகள் அடங்கிய துஆப் புத்தகமும். மற்றதில் ஜித்தாவில் வேலை செய்கிற பரீதாவின் அக்கா (ராத்தா என்போம்) மகனுக்கு அனுப்பிய சாமான்: எங்கள் ஊர் இனிப்பான தொதல், பொதி செய்த நெத்தலிக் கருவாடு, இரண்டு சாரன் (கைலி).

சாமான் பை பெரிய பொட்டிகளோடு விமானத்தின் அடிக்குப் போக வேண்டும். இஹ்ராம் பை என் கையில் இருக்க வேண்டும்.

கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை என்னவோ கேட்டாள். இங்கிலீஷா சிங்களமா என்றுகூட விளங்கவில்லை. பின்னால் வரிசை. எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அந்தப் பேச்சு எப்படியாவது முடிந்தால் போதும் என்று தலையை ஆட்டிக்கொண்டே, கைக்குக் கிட்ட இருந்த நீலப் பையைத் தூக்கி, பொட்டிகள் போகிற பட்டியில் வைத்தேன். அது ஓடிப்போய்விட்டது. பரீதா அப்போது பாஸ்போட்டுகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனித் திரைக்குத் திரும்புகிறேன்.

தொதல் வாசம்

திரை, இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் என்று காட்டியபோது மௌலவி எங்கள் வரிசைக்கு வந்தார்.

"உடுப்பு மாத்துறவங்க இப்பயே மாத்துங்க. கடைசி நேரம் பாத்ரூம்ல கியூ நிக்கும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் மாற்றியாயிற்று.

மேலே இருந்த பையை எடுத்து மடியில் வைத்து சிப்பைத் திறந்தேன். தேங்காய்ப்பாலும் சக்கரையும் கலந்த வாசம் மூக்கில் அடித்தது. தொதல்.

சிப்பை மூடினேன். பையைக் காலடியில் வைத்தேன். இஹ்ராம் பைதான் விமானத்தின் அடிக்குப் போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்து முன்னூறு, ஆயிரத்து இருநூறு என்று அது குறைந்தது. காலையில் அதிசயமாகத் தெரிந்த வேகம் இப்போது குறைந்தால் போதும் என்றிருந்தது.

இருபது நிமிடம் போனது.

"என்ன, இன்னும் மாத்தல்லியா?" என்றாள் பரீதா.

"கொஞ்சம் பொறுத்து."

"என்னத்துக்குப் பொறுக்கிற?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து பையை இழுத்துத் திறந்தாள். கையை விட்டு உள்ளே கிளறினாள்.

"அல்ஹம்துலில்லாஹ். தொதல் பத்திரமா இரிக்கி" என்றாள்.

பிறகு மெதுவாக: "இதை எப்ப கண்ட நீங்க?"

"மௌலவி சொன்ன நேரம்."

"அப்பவே கண்டும் வாயைத் தொறக்கல்ல. இறங்கிறவரைக்கும் இப்பிடியே இரிக்கப் பாத்தீங்களா?"

உண்மை என்னவென்றால், அப்படித்தான் இருக்கப் பார்த்தேன்.

நிறம் கட்டாயமா?

அவள் மௌலவியைக் கூப்பிட்டாள். மௌலவி முன்னும் பின்னும் இருந்த எங்கள் ஆட்களிடம் கேட்டார்.

"யாருக்கிட்டயும் கூடுதலா ஒரு சோடி இஹ்ராம் இரிக்கா?"

எல்லோருடைய மேலதிகத் துணியும் விமானத்தின் அடியில் இருந்தது. எல்லோரும் இப்போது உண்மையாகவே என்னைப் பார்த்தார்கள். சீற்றுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

ஜெமீல் காக்கா விமானத்தில் தந்த போர்வையை எடுத்து வந்தார். "இந்தா, இதைக் கட்டு" என்று முதலில் தன் இடுப்பில் சுற்றிக் காட்டினார். அது குழந்தைப் பிள்ளைக்குப் போர்த்துகிற அளவு. பாதி இடுப்போடு நின்றுவிட்டது.

"காக்கா, போர்வை உங்கட வயித்தைக் கண்டு பயந்திட்டு" என்றாள் பரீதா. பின் சீற்றில் யாரோ சிரித்தார்கள்.

மௌலவி என் பக்கம் குனிந்தார். "பயப்படாதீங்க. ஒண்டும் கிடைக்காட்டி, உடுத்த உடுப்போடயே நிய்யத் வைங்க. உம்றா நிறைவேறும். பரிகாரம் குடுக்கணும், அவ்வளவுதான். ஆனா நிய்யத் இல்லாம மட்டும் தாண்டிராதீங்க. தையலில்லாத ரெண்டு துணி கிடைச்சா இன்னும் நல்லம்."

"வெள்ளையாத்தான் இரிக்கணுமா மௌலவி?" என்றாள் பரீதா.

"வெள்ளை நல்லம். கட்டாயமில்ல."

"அப்ப சரி."

பையிலிருந்து இரண்டு சாரனையும் இழுத்து எடுத்தாள். மருதமுனைச் சாரன். ஒன்று சிவப்பும் கறுப்பும் கட்டம், மற்றது பச்சையும் வெள்ளையும். அவளே நெய்தது. இரண்டு கெசத் துணியின் இரு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கினால்தான் சாரன். அதை மூட்டுவது என்போம். அந்த மூட்டைப் பிரித்தால், தையலில்லாத வெறும் துணி.

பல்லும் பின்னும்

கத்தரிக்கோல் இல்லை. பிளேட் இல்லை. விமானத்துக்குள் அதெல்லாம் எங்கே? பரீதா தன் முக்காட்டில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள்.

"கரையை இழுத்துப் பிடிங்க. தளர விட்றாதீங்க."

பிடித்தேன். அவள் பெருவிரல் நகத்தால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். "இதிலதான் நான் நூலை முடிஞ்ச."

பின்னின் முனையை அதற்குள் விட்டு நூலை உயர்த்தி, குனிந்து பல்லால் கடித்தாள். பிறகு நாலு விரல் தள்ளி இன்னொரு இடம். உயர்த்தினாள், கடித்தாள். மறுபடி நாலு விரல். ஒவ்வொரு தையலாகப் பிரித்திருந்தால் ஜித்தா போய்த் திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது. இப்படி இடையிடையே அறுத்துவிட்டு, துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் இழுபட்டது. அறுந்தது.

"பாழாப்போன நூல். நல்ல நூலைப் போட்டுத் தெச்ச என்னைத்தான் அடிக்கோணும்."

"தங்கச்சி, ராத்தாட மகனுக்கெண்டா இவ்வளவு உறுதியாத் தெச்ச?" என்றார் ஜெமீல் காக்கா.

"அவன் வேகமா நடக்கிறவன் காக்கா. கிழிஞ்சிரும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் கை ஒரு நிமிடமும் நிற்கவில்லை. அவள் தறியில் இருக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். இத்தனை கிட்டத்தில் அவள் விரலைப் பார்த்ததில்லை. கண் நூலில் இல்லை. விரல்தான் பார்த்தது. கண்ணை அவ்வப்போது உயர்த்தித் திரையைப் பார்த்தாள்.

ஒரு விமானப் பணிப்பெண் வந்து நின்றாள். வேறு நாட்டுப் பிள்ளை. துணியையும் பரீதாவின் பல்லையும் என் கால்சட்டையையும் பார்த்தாள். போனாள். திரும்பி வந்து ஒரு பிளாஸ்ரிக் கத்தியை நீட்டினாள். பரீதா அதை நூலில் வைத்து ஒரு இழுவை இழுத்தாள். கத்தியின் பல்தான் போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாஷை தேவைப்படவில்லை.

சிவப்புச் சாரன் பிரிந்தபோது திரையில் ஐம்பத்தைந்து நிமிடம். எல்லைக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை.

"பச்சையில நீங்க மத்த முனையால வாங்க" என்று சொல்லி, முக்காட்டிலிருந்து இன்னொரு பின்னை எடுத்து என்னிடம் தந்தாள்.

நான் தொடங்கினேன். விரலில் குத்திக்கொண்டேன். அவள் அந்தப் பக்கத்தால் வந்துகொண்டேயிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் குனிந்து துணியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு மறந்தே போனது. நடுவில் எங்கள் இருவரின் கையும் முட்டின. அவள் நூலைப் பிடித்து இழுத்தாள். இந்த முறை அறுபடவில்லை. முழு நீளத்துக்கும் ஒரே இழுவையில் வந்துவிட்டது.

பெல்ட் விளக்கு

எழுந்தேன். பாத்ரூமை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பேன். விமானம் குலுங்கியது. தலைக்கு மேல் பெல்ட் விளக்கு எரிந்தது. அதே பணிப்பெண் கையை நீட்டி என்னை உட்காரச் சொன்னாள். பாத்ரூம் கதவுகளைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

மௌலவி தன் சீற்றிலிருந்து கழுத்தைத் திருப்பினார். "எல்லைக்கு ஏழெட்டு நிமிசம்தான் இரிக்கி. இரிந்த இடத்திலயே மாத்துங்க."

இரிந்த இடத்திலேயே. இருபுறமும் ஆள். முன்னும் பின்னும் ஆள்.

"என்னால ஏலா" என்றேன்.

பரீதா கெஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை. சிவப்புத் துணியை என் மடியில் விரித்தாள். ஜெமீல் காக்காவிடமிருந்த போர்வையை வாங்கி, ஒரு முனையை முன் சீற்றில் செருகி, மறு முனையைத் தன் கையால் உயர்த்திப் பிடித்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நான் பிடிச்சிக்கிட்டு இரிக்கன்" என்றாள்.

ஜெமீல் காக்கா தானாகவே, எங்கள் வரிசையில் தன் பாதையோரச் சீற்றில் சரிந்து, அகன்ற முதுகை எங்கள் பக்கம் காட்டி உட்கார்ந்தார். "சுவர் ரெடி தம்பி."

சாரனுக்குள் நின்று உடுப்பு மாற்ற எங்கள் ஊரில் எல்லா ஆணுக்கும் தெரியும். ஆனால் பிரிந்த சாரனுக்குள், இடுப்பில் பெல்டோடு, குலுங்குகிற விமானத்தில் இருந்தபடி மாற்றுவது வேறு வேலை. கால்சட்டை முழங்காலில் சிக்கியது. துணி வழுக்கியது. அவள் உயர்த்திய கையை இறக்கவில்லை.

கடைசியாக சேர்ட். பொத்தான்களைக் கழற்றினேன். பெனியனையும் கழற்றினேன். ஏசிக் காற்று தோளில் பட்டது. பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டேன்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சி."

போர்வையை இறக்கிவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண் நிறைந்திருந்தது.

அறிவிப்பு வந்தது. அறபியில் முதலில், பிறகு இங்கிலீஷில். மௌலவி கையை உயர்த்தினார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிய்யத் வைத்தோம். விமானம் முழுக்க "லப்பைக்", இதோ வந்தேன் இறைவா, என்ற குரல் எழுந்தது. பெண்கள் தங்களுக்குள் மெல்லச் சொன்னார்கள். என் குரலும் வெளியே வந்தது. அது என் குரல்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சன்னலால் கீழே பார்த்தேன். வெயில் பட்ட மலைகள், மண் நிறத்தில். கோடு எதுவும் தெரியவில்லை.

கட்டம் போட்ட துணி

ஜித்தாவில் நீலப் பை பட்டியில் சுற்றி வந்தது. உள்ளே வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாமல்.

"விரும்பினா இப்ப மாத்தலாம். குற்றமில்ல" என்றார் மௌலவி.

பரீதாவும் மாற்றச் சொன்னாள். "எல்லாரும் வெள்ளையில வருவாங்க. உங்களுக்கு ஒரு மாதிரி இரிக்கும்."

பல்லால் கடித்துப் பிரித்துத் தந்த துணியைக் கழற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. "கிடக்கட்டும்" என்றேன். ராத்தா மகன் தொதலை வாங்கிக்கொண்டு சாரன் எங்கே என்று கேட்டான். பரீதா என்னைக் காட்டினாள்.

மக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, இறையில்லத்தை ஏழு முறை சுற்றுகிற தவாபுக்கு இறங்கினோம். வெள்ளைக் கடல். அதற்குள் சிவப்புக் கட்டமும் பச்சைக் கட்டமுமாக நான் ஒருவன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஒரு சுற்று முடிந்தது. தலையை உயர்த்திப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. அழுகிறவர் அழுதார், துஆ கேட்கிறவர் கேட்டார். என்னை இடித்துக்கொண்டு போனவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாம் சுற்றில் சனம் எங்களைப் பிரித்துவிட்டது. அவளைத் தேடினேன், காணவில்லை. பயந்துபோய் நின்றால் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏழாவது சுற்று முடிகிற இடத்தில் என் தோள் துணியை யாரோ பிடித்தார்கள். பரீதா.

"எங்க போன நீ?" என்றேன்.

"நான் எங்கயும் போகல்ல. ஏழு சுத்தும் உங்களுக்குப் பின்னாலதான் வந்த. பச்சைத் துணியைப் பாத்துப் பாத்து வந்த."

அவ்வளவு சனத்துக்குள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

மறுநாள் அவளுக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஹோட்டலுக்குக் கீழே இருந்த மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி வந்து ஒட்டினோம். அவளால் நடக்க ஏலாததால், நடுப்பகல் லுஹர் தொழுகையை இருவரும் அறையிலேயே தொழுதோம்.